போர் மேகத்துக்குள் ஒரு தமிழர்!

பென்னலூர் பக்கம் போனால், வெளிநாட்டுக் கம்பெனிகளின் தொழிற்சாலைகளைப் பார்க்கலாம். அருகில் இருங்காட்டுக்கோட்டையில் கொரியக் கம்பெனி கார் செய்கிறது. உலகம் நம் வாசலுக்கே வந்துவிட்டது.

அன்று உலகத்தைத் தேடி நம்மவர் ஒருவர் போனார். அதுவும், ஐரோப்பாவில் யுத்தம் வெடிக்க இருந்த நேரத்தில்!

அவர்தான் ஏ.கே.செட்டியார். 1911-ல் செட்டிநாட்டுக் கோட்டையூரில் பிறந்தவர். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் போட்டோ தொழில் படித்தவர்.

கப்பலில் பிறந்த எண்ணம்

1937 அக்டோபர் 2. காந்தியடிகளின் பிறந்த நாள். செட்டியார் நியூயார்க்கில் இருந்து அயர்லாந்துக்குக் கப்பலில் போய்க்கொண்டு இருந்தார். காந்தியைப் பற்றி ஒரு முழுப்படம் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் அப்போது பிறந்தது. அவருக்கு வயது 25.

1931-ல் காந்தி லண்டன் வட்டமேஜை மாநாட்டுக்குப் போனார். திரும்பும்போது பிரான்சு, சுவிட்சர்லாந்து, இத்தாலி நாடுகளுக்கும் போனார். அவரைப் படம் பிடித்த சுருள்கள் பல நாடுகளில் சிதறிக் கிடந்தன. அவற்றைத் தேடி செட்டியார் அலைந்தார். காந்தியின் வரலாற்றை எழுதிய பிரெஞ்சு அறிஞர் ரோமன் ரோலந்தையும் சந்தித்தார்.

நெருங்கியது யுத்தம்

1938 மார்ச்சில் ஆஸ்திரியாவை இட்லர் விழுங்கினார். அடுத்த மார்ச்சில் அவர் படை பிராக் நகருக்குள் நுழைந்தது. 1939 செப்டம்பர் 1-ந்தேதி போலந்து மீது பாய்ந்தது. மூன்றாம் தேதி இங்கிலாந்தும் பிரான்சும் போர்ப் பிரகடனம் செய்தன.

1940 ஜூனில் பாரிஸ் வீழ்ந்தது. செப்டம்பரில் லண்டன் மீது குண்டு மழை பொழிந்தது.

ஆனால் அதற்கு முன்பே, 1940 ஆகஸ்டில், செட்டியாரின் காந்தி படம் வெளிவந்துவிட்டது! மூன்று ஆண்டு தாமதித்து இருந்தால், அந்தச் சுருள்களில் எத்தனை மிஞ்சி இருக்கும்?

வீட்டில் படியுங்கள்

இந்தக் கதையைச் செட்டியாரே எழுதி இருக்கிறார். "அண்ணல் அடிச்சுவட்டில்" என்பது புத்தகத்தின் பெயர்.

பாடப் புத்தகத்தில் போர் என்றால் தேதியும் தலைவர்களும்தான். இத்தகைய அனுபவ நூல்களில் அந்த ஊருக்குள்ளேயே நாம் நடக்கிறோம். போர் ஒரே நாளில் வந்துவிடுவது இல்லை, சிறிது சிறிதாக நெருங்குகிறது என்பது புரிகிறது.

ஷிப்டு முடிந்து பஸ்சில் திரும்பும்போது பத்துப் பக்கம் படிக்கலாம். இரவில் அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். பக்கத்தில் ஓர் உலகப் படத்தை விரித்து வையுங்கள். செட்டியார் போன வழியைப் பிள்ளைகளே விரலால் தொட்டுக் காட்டட்டும்!