கையெழுத்துக்கு முன்

1811-இல் லண்டனில் வெளிவந்த ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’ நாவலில் ஆசிரியர் பெயர் இல்லை. ‘ஒரு பெண்மணி எழுதியது’ என்று மட்டும் இருந்தது. எழுதியவர் ஜேன் ஆஸ்டின். கதையில் அப்பா இறந்ததும் எஸ்டேட் மூத்த தாரத்து மகன் கைக்குப் போகிறது. மூன்று தங்கைகளுக்கும் சேர்த்து 3,000 பவுண்டு கொடுக்க நினைக்கிறான். மனைவி பேசப் பேச அது பாதியாகிறது. பிறகு எப்போதாவது 50 பவுண்டு. கடைசியில் வீடு மாற ஒத்தாசை, பருவத்துக்கு மீனும் வேட்டைக் கறியும். எல்லாம் ஒரே அத்தியாயத்தில்! அந்தப் பெண்களுக்குக் கல்யாணத்தை விட்டால் பிழைப்புக்கு வேறு வழியில்லை.

அதே கதைதான் 2000-இல் ராஜீவ் மேனன் எடுத்த ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’. ஆனால் வீட்டை இழந்து சென்னைக்கு வரும் அக்கா, இங்கே வேலைக்குப் போகிறாள்.

அப்படிப்பட்ட அக்காக்களைச் சைதாப்பேட்டையில் தினமும் காலையில் பார்க்கலாம். தாடண்டர் நகர் குவார்ட்டர்ஸிலிருந்து டிபன் பாக்ஸோடு எலெக்ட்ரிக் டிரெயினுக்கு ஓடுகிறவர்களில் பலருக்கு, வீடு ஒதுக்கீடே அவர்கள் பெயரில். ‘பெண்ணுக்கு நகை, பிள்ளைக்கு வீடு’ என்று தீர்ந்துபோன பாட்டிகள் காலத்தில் இதை நினைத்தே பார்த்திருக்க முடியாது.

1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு கேட்ட பெண் சொத்துரிமை, இந்துக் குடும்பங்களின் பூர்வீகச் சொத்தைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டில் 1989-இல்தான் சட்டமானது. அதற்கு முன்பே கல்யாணம் ஆனவர்களுக்கு அதிலும் பங்கில்லை. அந்தத் தடையை 2005-இல் மத்திய சட்டம் நீக்கியது. அதற்கு முன்பே அப்பா இறந்திருந்தாலும் பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பிறப்பிலேயே உரிமை உண்டு என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இத்தனைக்குப் பிறகும் பத்திரப்பதிவு அலுவலக வாசலில் நான் காண்பது, பெண்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரங்களைத்தான். எழுத்தர் மடமடவென்று வாசிக்கிறார். அக்கா பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போடுகிறாள். தம்பி கையில் பட்டுப்புடவைப் பை. “பொறந்த வீட்டு வாசப்படி மிதிக்கணுமில்ல?” என்கிறாள். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதைக் காட்டிப் பங்கை வாங்கிக்கொள்வது அநியாயம். சம்பாதிக்கிற பெண்ணும் இதற்கு விலக்கல்ல.

விட்டுக்கொடுப்பது உங்கள் விருப்பம். ஆனால் பங்கின் மதிப்பு என்ன என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள். பதிவான பத்திரத்தை ரத்து செய்வது லேசல்ல. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம்.