குறுங்குதிரைகளின் பாடசாலை

குதிரை என்றவுடன் தேரும் போர்க்களமும் பந்தயத் திடலும் நம் நினைவுக்கு வருகின்றன. இவற்றுள் எதற்கும் உதவாத குதிரையினம் ஒன்று அமெரிக்க நாட்டில் பெரும் மதிப்புடன் வளர்க்கப்படுகிறது. முழு வளர்ச்சி பெற்ற பின்னரும் அதன் உயரம் 34 அங்குலத்தைத் தாண்டலாகாது. 1978ஆம் ஆண்டில் அமைந்த அமெரிக்கக் குறுங்குதிரைச் சங்கத்தின் விதி இது. சாப்பாட்டு மேசையைவிட ஒரு சாண்கூட உயர்வில்லாத குதிரையை எண்ணிப் பாருங்கள்!

இக்குதிரைகளின் முன்னோருள் ஷெட்லாந்துத் தீவுகளின் மட்டக்குதிரைகளும் உண்டு. அவற்றின் வரலாற்றில் துயரமான பக்கம் ஒன்று இருக்கிறது. 1842ஆம் ஆண்டில் பிரிட்டனில் இயற்றப்பட்ட சட்டம், பெண்களையும் 10 வயதுக்கு உட்பட்ட சிறுவர்களையும் நிலக்கரிச் சுரங்கத்தின் அடியில் வேலை வாங்குவதைத் தடுத்தது. அதன்பின் தாழ்ந்த சுரங்க வழிகளில் கரிவண்டிகளை இழுக்க, உருவத்தில் சிறிய ஷெட்லாந்துக் குதிரைகள் மிகுதியாக இறக்கப்பட்டன. சிறிய உடல் அன்று உழைப்புக்குத் தேவைப்பட்டது. இன்று அதுவே காட்சியரங்கில் அழகாகப் போற்றப்படுகிறது.

அரங்கில் இவை என்ன செய்கின்றன என்று கேட்பீர்கள். பெரியவர் எவரும் இவற்றின்மீது ஏறிச் செல்ல இயலாது. ஆகவே, நடுவர்முன் அசையாது நின்று உடலமைப்பைக் காட்டுவது, சிறு வண்டியை இழுப்பது, பாலம், கதவு, கிடத்திய கழிகள் ஆகியவற்றைப் பதறாமல் கடப்பது, உடன் ஓடிவரும் மனிதனோடு தடைகளைத் தாண்டுவது என்று போட்டிகளை வகுத்திருக்கின்றனர்.

நான் குதிரை பழக்குபவன் அல்லன். பிள்ளைகளோடும் பின்னர் இளம் ஆசிரியர்களோடும் காலம் கழித்தவன். ஆயினும் இப்பயிற்சி முறையைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் விரும்பிப் படித்து வருகிறேன். ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் தார்ண்டைக் என்னும் உளநூல் அறிஞரைப் பற்றிப் படித்தோம். அவர் பூனைகளைக் கூண்டிலடைத்து ஆராய்ந்து, 1898ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டார். எச்செயல் இன்பமான விளைவைத் தருகிறதோ அச்செயலையே உயிர் மீண்டும் நாடும் என்பது அவர் கண்ட விதி. தேர்வுக்காக நாங்கள் மனப்பாடம் செய்த அவ்விதி, குதிரைக் கொட்டிலில் நாள்தோறும் வேலை செய்கிறது.

முதற்பாடம் தலைக்கயிற்றில் நடப்பது. கயிற்றை மெல்ல இழுத்துப் பிடித்தால் குட்டிக்குச் சிறு தொல்லை உண்டாகிறது. அது பின்னிழுக்கும்; தலையை ஆட்டும்; பக்கவாட்டில் நகரும். பழக்குபவர் அதே அழுத்தத்தோடு பொறுத்திருப்பார். தற்செயலாகக் குட்டி ஓரடி முன்வைத்ததும், அந்நொடியிலேயே கயிற்றைத் தளர்த்திவிடுவார். குதிரைக்குக் கற்பிப்பது இந்தத் தளர்வுதான். இழுப்பு வெறும் வினா. விடை சரியென்று சொல்வது தளர்வு. இரண்டு நொடி தாமதித்தால், அதற்குள் குட்டி வேறொன்று செய்திருக்கும். அதையே சரியான விடையென்று கொண்டுவிடும்.

இங்கேதான் சிறிய உருவம் ஒரு பொறியாகிறது. ஐந்நூறு கிலோ எடையுள்ள குதிரையை எவரும் இழுத்துச் செல்ல முடியாது. எனவே கற்பித்தே தீரவேண்டும். குறுங்குதிரையின் எடையோ பெரும்பாலும் நூறு கிலோவை ஒட்டியது. ஆகையால் கற்பிக்காமலே இழுத்துச் சென்றுவிடலாம். அவ்வாறு இழுக்கப்பட்ட குட்டி, இழுப்புக்கு எதிராகக் காலூன்றி நிற்கவே பழகுகிறது. மறுபுறம், அது முன்கால்களைத் தூக்கி மனிதர்மீது வைத்தால் நாய்க்குட்டியின் விளையாட்டென்று சிரிப்பாரும் உண்டு. மூன்று வயதில் அதே குளம்புகள் மார்பில் விழும்போது அடிக்கிறார்கள். நேற்றுவரை கொஞ்சப்பட்ட செயலுக்கு இன்று அடி கிடைத்தால், அப்பிராணி என்னதான் விளங்கிக்கொள்ளும்? என் மனத்தில் இது பெருங்கொடுமை.

வண்டிப் பயிற்சிக்குக் காலம் மிகுதியாக வேண்டும். மூன்று வயது நிரம்பாத குதிரையை வண்டிப் போட்டியில் ஓட்டலாகாது. அதற்குமுன் நீண்ட கயிற்றில் வட்டமாக நடத்துவர். பின்னால் நடந்தபடியே நெடிய கடிவாள வார்களால் திருப்பப் பழக்குவர். சேணத்தின் தொடுகைக்கும், பின்னே இழுபடும் பொருளின் ஓசைக்கும் பழக்குவர். வண்டி கடைசியில்தான் வரும். சவாரிக் குதிரைக்கு மேலிருப்பவரின் காலும் உடலும் குறிப்புத் தருகின்றன. இக்குதிரைக்கு அத்துணை இல்லை. வாரும் குரலும் மட்டுமே உண்டு. ஆகவே, நிற்கச் சொல்லும் சொல் நாள்தோறும் ஒரே சொல்லாக, ஒரே தொனியில் ஒலிக்கவேண்டும்.

குரலையும் கடந்து குதிரை நம்மைப் படிக்கிறது. பெர்லின் நகரில் வான் ஆஸ்டன் என்னும் பள்ளி ஆசிரியர் ஒருவர் இருந்தார். ஹான்ஸ் என்ற தம் குதிரைக்குக் கணக்குக் கற்பித்துவிட்டதாக அவர் நம்பினார். கேட்ட கணக்குக்குக் குளம்பால் தட்டி அது விடை சொல்லும். 1904ஆம் ஆண்டில் ஆராய்ந்த குழுவினர் இதில் மோசடி இல்லை என்றே முடிவு செய்தனர். பின்னர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்பவர் உண்மையைக் கண்டறிந்து 1907ஆம் ஆண்டில் வெளியிட்டார். கேட்பவருக்கே விடை தெரியாதபோது ஹான்ஸ் தவறியது. சரியான எண்ணிக்கை வந்ததும் கேட்பவர் தம்மை அறியாமலே தலையை மிகச் சிறிதளவு அசைப்பார். அதைக் கண்டு அது தட்டுவதை நிறுத்தும். கணக்கு அறியாத குதிரைதான். ஆயினும் மனிதர் கண்ணுக்குப் புலப்படாத அசைவை அது கண்டதே, அது பேரறிவு அன்றோ! அரங்க வாயிலில் தன்னைப் பிடித்திருப்பவர் நடுங்கினால் குறுங்குதிரையும் அதை உணரும்.

தீவனத்தைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். இவ்வினம் எளிதில் கொழுக்கும். கொழுத்த குதிரை அரங்கில் அழகாயிராது என்று கண்காட்சிக்கு முன் திடீரெனப் பட்டினி போட்டால், உடற்கொழுப்பு அளவின்றி இரத்தத்தில் கலந்து உயிருக்கே கேடாகலாம். பரிசுக் கோப்பைக்காகச் செய்யத்தக்க செயல் அன்று அது. எடையை மாதக்கணக்கில், சிறிது சிறிதாகவே குறைக்கவேண்டும்.

போட்டிகளுள் என் நெஞ்சைக் கவர்ந்தது கட்டற்ற ஓட்டம் என்பது. அரங்கினுள் தலைக்கயிற்றைக் கழற்றிவிடுவர். இசை ஒலிக்கும், பிடரி பறக்க, வாலுயர்த்திக் குதிரை தன் விருப்பம்போல் ஓடும், துள்ளும். இசை நின்றதும் பழக்கியவர் வெறுங்கையோடு அதை அணுகி, குறித்த நேரத்துக்குள் மீண்டும் தலைக்கயிற்றை மாட்டவேண்டும். தவறினால் போட்டியிலிருந்து நீக்கப்படுவார். சில குதிரைகள் அவரைக் கண்டு மூலைக்கு மூலை ஓடுகின்றன. சிலவோ ஓட்டத்தை நிறுத்தி, மூச்சு வாங்க, தாமாகவே அவரிடம் நடந்துவந்து தலையைத் தாழ்த்தித் தருகின்றன.