எழுதும் முன் இருமுறை படியுங்கள்

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூரை ஒட்டிய காக்களூரில்தான் தொடங்கியது. அதன்வழி லட்சக்கணக்கான வீடுகளுக்கு மடிக்கணினி வந்து சேர்ந்தது. அப்படியொரு கணினியில் விளக்கு எரிந்து, ஃபேன் சுற்றி, திரை மட்டும் இருண்டு கிடந்தால் ‘போர்டு போச்சு’ என்று கைவிடுவது வழக்கமாகிவிட்டது. ரேமும் டிஸ்ப்ளேயும் நன்றாக இருந்தால், கணினியைத் துவக்கும் பயாஸ் மென்பொருளின் அப்டேட்டின் நடுவே கரண்ட் போய், 8 கால் கொண்ட சிறு சிப்பில் பதிந்த ஃபர்ம்வேர் மட்டும் சிதைந்திருக்கக்கூடும். சிப்பைக் கிளிப்பால் கவ்வி, புரோகிராமர் என்னும் கருவி மூலம் வெளியிலிருந்தே எழுதினால் கணினி மீளும். அந்த முயற்சி தோற்றால் சிப் மீது பழி போடுகிறோம். ஆனால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இணைப்பைத்தான்.

கிளிப் வழியே போகும் 3.3 வோல்ட், அந்தச் சிப்போடு நிற்பதில்லை. அதே லைனில் இருக்கும் மற்ற பாகங்களும் அதை இழுத்துக்கொள்கின்றன. வோல்டேஜ் சரிகிறது, நீண்ட ஒயரில் சிக்னல் மங்குகிறது. அதனால் சிப்பே தெரியவில்லை என்று வரும். அல்லது ஒவ்வொரு முறை படிக்கும்போதும் வேறு வேறு தரவு வரும். பேட்டரியையும் சார்ஜரையும் கழற்றி, சிப்பின் புள்ளியைப் பார்த்து முதல் காலைச் சரியாகப் பொருத்தி, ஒயரைக் குறுக்கினாலே பல நேரம் தீர்ந்துவிடும். சிப் 1.8 வோல்ட் வகையா என்பதையும் அதன் எண்ணைக் கொண்டு முதலிலேயே பார்த்துவிட வேண்டும், 3.3 வோல்ட் கொடுத்தால் அது கெட்டுப்போகலாம். 2017 டிசம்பரில் உபுண்டு 17.10 பதிப்பால் சில லெனோவா, ஏசர் கணினிகளில் பயாஸ் மாற்றங்கள் பதிவாகாமல் போயின. அங்கேயும் சிப் சாகவில்லை, எழுதவிடாமல் பூட்டு விழுந்திருந்தது. திருத்திய கெர்னலில் துவக்கியதும் பல கணினிகள் மீண்டன.

இணையத்தில் கிடைக்கும் ஃபைலை நேராக எழுதினால் என்ன என்று கேட்கலாம். சீரியல் எண், பல கணினிகளில் விண்டோஸ் கீ, இன்டெல் கணினிகளில் மேனேஜ்மென்ட் எஞ்சின் அமைப்பு எல்லாம் அந்தச் சிப்பிலேயே இருக்கின்றன. பழைய தரவைக் காப்பாற்றாமல் அழித்தால் அவை திரும்பி வராது. அதனால் எழுதும் முன் சிப்பை இருமுறை படித்து, இரண்டு தரவும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துச் சேமித்துக்கொள்ள வேண்டும். அப்படி இருமுறை படித்தால் போதுமா என்பது நியாயமான கேள்வி. இரண்டு முறையும் வெற்று இடத்தைக் குறிக்கும் எஃப்எஃப் (FF) மட்டுமே வந்தாலும் அவை ஒத்துத்தான் போகும். ஆகவே ஃபைலைத் திறந்து, உள்ளே தயாரிப்பாளர் பெயர் போன்ற எழுத்துகள் தென்படுகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். சிப்பைக் கழற்றிவிடுவதே சுலபம் என்பாரும் உண்டு. இணைப்பை எவ்வளவு சரிசெய்தும் படிப்பு ஒத்துவராதபோது அதுவே வழி. ஆனால் எடுத்த எடுப்பில் சூடு காட்டினால் போர்டின் தடம் உரிந்துபோகும் ஆபத்து இருக்கிறது.

கும்மிடிப்பூண்டி ஆலைத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் கணினியே ஒரே கணினியாக இருக்கலாம். சில நிமிடங்களில் முடியும் இந்தச் சோதனையைச் செய்யாமல் அதைக் குப்பைக்கு அனுப்ப யாருக்கும் உரிமை இல்லை.