கழுத்து அறுவைக்குப் பின் கை தூக்க முடியவில்லையா?

கழுத்துத் தண்டுவட அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்திருக்கும். நடையில் இருந்த தள்ளாட்டம் குறைந்திருக்கும். மூன்றாம் நாள் காலை தலைவாரச் சீப்பை எடுத்தால் கை தோளுக்கு மேல் எழும்பாது. 'பக்கவாதமா? நரம்பை வெட்டிவிட்டார்களா?' என்று வீடே பதறும். பெரும்பாலும் இரண்டுமே இல்லை. இது மருத்துவர்கள் நன்கு அறிந்த 'சி5 நரம்புத் தளர்ச்சி'. இந்த அறுவை செய்துகொள்பவர்களில் சராசரியாக 100க்கு 5 பேருக்கு வருகிறது.

ஏன் இந்த நரம்பு மட்டும்?

கழுத்தில் 7 எலும்புகளும் 8 ஜோடி நரம்புகளும் உள்ளன. நான்காம், ஐந்தாம் எலும்புகளுக்கு நடுவே வெளிவரும் ஐந்தாவது நரம்பான சி5தான் தோளை மூடியிருக்கும் தசைக்கு முக்கிய ஆதாரம். முழங்கையை மடக்கும் தசைக்கும் அதில் பங்குண்டு.

கழுத்தின் பின்பக்கமாக எலும்பை அகற்றி அழுத்தத்தை நீக்கும்போது, நெடுநாள் நசுங்கியிருந்த தண்டுவடம் பின்னோக்கி நகர்கிறது. நீளம் குறைந்த ஐந்தாவது நரம்பு அப்போது இழுபடுகிறது. அது வெளிவரும் துளை ஏற்கெனவே குறுகியிருந்தால் பாதிப்பு கூடும். முன்பக்க அறுவையிலும் இது வரலாம். தண்டுவடத்தை ஒட்டிய தசைநார் எலும்பாக இறுகிப்போனவர்களுக்கு வாய்ப்பு சற்று அதிகம். அறுவை கச்சிதமாக நடந்திருந்தாலும் வரக்கூடியது என்பதால், இதை உடனே மருத்துவரின் பிழையாகக் கருத வேண்டியதில்லை.

எப்படித் தெரியும்?

பெரும்பாலும் ஒரு கையில் மட்டுமே வரும். சிலருக்கு அன்றே தெரியும். பலருக்கு ஒரு வாரத்துக்குள், அரிதாகச் சில வாரங்கள் கழித்து. சட்டை மாட்டவும், கொடியில் துணி போடவும் கை எழாது. சிலருக்குத் தோளில் வலியோ மரத்துப்போதலோ சேரும்; சிலருக்கு வலியே இராது. வலி இல்லையே என்று சொல்லாமல் இருந்துவிடாதீர்கள்.

இவை தெரிந்தால் காத்திருக்கக் கூடாது

• இரண்டு கைகளோ கால்களோ பலமிழப்பது
• சிறுநீர், மலம் கழிப்பதில் கட்டுப்பாடு போவது
• கழுத்து வீங்குவது, மூச்சு முட்டுவது
• முகம் கோணுவது, பேச்சு குளறுவது

முதல் மூன்றும் உள்ளே இரத்தம் கட்டித் தண்டுவடத்தையோ மூச்சுக்குழாயையோ அழுத்துவதன் அடையாளமாக இருக்கலாம். கடைசியில் உள்ளவை பக்கவாதத்தின் அறிகுறிகள். எதுவானாலும் அந்த நிமிடமே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கை திரும்புமா?

பெரும்பாலானோருக்குத் திரும்புகிறது. சிலருக்குச் சில வாரங்கள், பலருக்குச் சில மாதங்கள், பலவீனம் கடுமையாக இருந்தவர்களுக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். ஒரு சிலருக்குக் கொஞ்சம் குறை தங்கிவிடுவதும் உண்டு.

நரம்பு தேறும்வரை தோள்மூட்டு இறுகாமல் காப்பதே நம் வேலை. அசையாத மூட்டு இறுகிவிட்டால், நரம்பு உயிர்பெற்ற பிறகும் கை மேலே போகாது. சர்க்கரை நோயாளிகளுக்கு இந்த ஆபத்து கூடுதல். ஆகவே அறுவை மருத்துவர் அனுமதித்ததும் பிசியோதெரபி தொடங்க வேண்டும். தானாக எழாத கையை, மற்றொரு கையோ வீட்டாரோ தாங்கி மெல்ல உயர்த்தலாம். எண்ணெய் போட்டு உருவுவதும் கழுத்தைச் சொடுக்குவதும் கூடவே கூடாது. மாதங்கள் கடந்தும் முன்னேற்றம் இல்லையென்றால், நலமான நரம்பிலிருந்து இழை எடுத்து இணைக்கும் அறுவை சிலருக்கு உதவும். அதற்கும் காலம் தாழ்த்தக் கூடாது.

அறுவைக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போடும் முன்

'ஐந்தாவது நரம்பின் துளை எனக்குக் குறுகியிருக்கிறதா? தோள் தளர்ந்தால் என்ன செய்வீர்கள்?' என்று மருத்துவரிடம் கேளுங்கள். இந்த அச்சத்தால் தேவையான அறுவையைத் தள்ளிப்போட வேண்டாம்; நசுங்கிய தண்டுவடத்தை அப்படியே விட்டால் கை, கால் நான்கின் பலமும் போகலாம். முன்பே கேட்டு வைத்தவர் மூன்றாம் நாள் கை எழாதபோது பதறமாட்டார். செவிலியரை அழைத்துச் சொல்வார். அவருடைய சிகிச்சை அன்றே தொடங்கிவிடும்.