லொறியின் வேக உணரி: இருக்குமிடம் அறிதலும் மாற்றுதலும்

தக்காளி, போஞ்சி, கோவா முதலிய மரக்கறிகளைத் தம்புள்ளைச் சந்தைக்கு ஏற்றிச்செல்லும் சிறு லொறியில், வேகமானியின் முள் திடீரெனப் பூச்சியத்தில் விழுவதுண்டு. தானியங்கிக் கியர்ப்பெட்டியுள்ள வண்டியாயின், கியர் உதறலுடன் மாறும். அன்றேல் ஒரே கியரில் நின்றுவிடும். இவற்றைக் கண்டதும் கியர்ப்பெட்டியே பழுதாயிற்றென எண்ணி அதனைக் கழற்றுவிக்கும் கமக்காரர், ஒரு போகத்தின் ஊதியத்தை வீணே இழத்தல் கூடும். கராஜ்களில் ஸ்பீட் சென்சர் எனப்படும் விரலளவான வேக உணரியே பல வேளைகளில் இதற்குக் காரணமாகும்.

கியர்ப்பெட்டியினுள் சுழலும் பற்சில்லு ஒன்றின் அருகில் இவ்வுணரி நிற்கும். ஒவ்வொரு பல்லும் கடந்து செல்லுந்தோறும் ஒரு மின்துடிப்பு உண்டாகும். அத்துடிப்புகளை எண்ணியே வண்டியின் கணினி வேகத்தைக் கணிக்கின்றது. இரண்டு வயர்கள் கொண்ட வகை, காந்தமும் கம்பிச் சுருளும் உடையது; தானே மின்னை உண்டாக்கும். மூன்று வயர்கள் கொண்ட வகைக்கு வெளியிலிருந்து மின் வழங்கப்படல் வேண்டும்.

பின்சில்லுகளால் இயங்கும் லொறிகளில், நீண்ட சுழல்தண்டு தொடங்கும் இடத்தில், கியர்ப்பெட்டியின் வாற்பகுதியில் பெரும்பாலும் இதனைக் காணலாம். முன்சில்லுகளால் இயங்கும் வான்களில், சில்லுத்தண்டுகள் வெளிப்படும் இடத்தை அண்டியிருக்கும். தானியங்கிக் கியர்ப்பெட்டியில் உட்செல்லும் தண்டுக்கும் வெளிவரும் தண்டுக்கும் தனித்தனி உணரிகள் இருப்பதுண்டு. சில புதிய வண்டிகள் சில்லுகளிலுள்ள பிரேக் உணரிகளிலிருந்தே வேகத்தை அறிகின்றன. அவற்றில் இதனைத் தேடுதல் வீண்வேலை. இரு சில்லு உழவு இயந்திரம் வைத்திருப்போருக்கு இத்தொல்லை இல்லை.

குறியீடு வாசிக்கும் கருவி பி 0500, பி 0715, பி 0720 என்பவற்றுள் ஒன்றைக் காட்டலாம். இவற்றுள் முதலாவது வண்டி வேக உணரியையும், இரண்டாவது உட்தண்டு உணரியையும், மூன்றாவது வெளித்தண்டு உணரியையும் பற்றியவை. ஆயினும் குறியீடு கூறுவது அம்மின்சுற்றிற் குறையுண்டு என்பதையேயன்றி, உணரி கெட்டது என்பதையன்று. ஆதலால் முதலில் வயரையும் இணைப்பியையும் சோதித்தல் வேண்டும். நெற்களஞ்சியத்தை அடுத்து நிறுத்தப்படும் லொறிகளில் எலி வயரைக் கடித்துவிடுதல் சாதாரணம். சேற்றுநீர் புகுந்த இணைப்பியிற் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். துப்புரவாக்குதலே போதுமாயின் புதிய உணரிக்குப் பணம் செலவிடுவானேன்?

இரு வயர் உணரியைக் கழற்றிய இணைப்பியில் மல்ட்டிமீற்றரால் ஓம் அளவில் சோதிக்கலாம். அளவு எல்லையின்றிக் காட்டினால் சுருள் அறுந்துள்ளது. பூச்சியமாயின் சுருளுக்குள் குறுக்குத்தொடர்பு உண்டாகியுள்ளது. சரியான அளவு வண்டிக்கு வண்டி வேறுபடுமாதலால் அதற்குரிய கைந்நூலைப் பார்த்தல் வேண்டும். மூவயர் உணரிக்கு இம்முறை பொருந்தாது. சாவியைத் திருப்பிவைத்து, இணைப்பிக்கு மின் வருகின்றதா எனப் பார்த்தல் வேண்டும்.

மாற்றும்போது வண்டியைச் சமதரையில் நிறுத்திச் சில்லுகளுக்கு அணை கொடுத்து, கியர்ப்பெட்டி ஆறும்வரை பொறுத்தல் அவசியம். சூடான எண்ணெய் கையைப் பொசுக்கும். வண்டியின் கீழே செல்வதாயின் ஜக்கை மட்டும் நம்பலாகாது. உறுதியான தாங்கி வைக்கப்படல் வேண்டும். பற்றரியின் எதிர்முனையைக் கழற்றியபின், உணரியைச் சுற்றியுள்ள சேற்றை முற்றாகத் துடைக்க வேண்டும். வயலிற் சென்றுவரும் வண்டிக்கு இது மிக முக்கியம். ஒரு சிட்டிகை மணல் உள்ளே விழுந்தாலும் பற்சில்லுகள் தேயும். பின்னர் இணைப்பியின் பூட்டை அழுத்தி விலக்கி, போல்ட்டைக் கழற்றி, உணரியை மெல்லத் திருகியவாறு இழுத்தல் வேண்டும். எண்ணெய் வழியலாமாதலால் கீழே ஒரு தட்டம் இருக்கட்டும்.

கழற்றிய உணரியின் நுனியில் மைபோன்ற நுண்ணிய இரும்புத்தூள் ஒட்டியிருந்தால் அது இயல்பான தேய்மானமே. செதில்களோ பல்லின் துண்டுகளோ காணப்படின், கியர்ப்பெட்டியை வல்லுநரிடம் காட்டாது வண்டியை ஓட்டலாகாது. சில உணரிகளின் நுனியில் சிறு பிளாஸ்டிக் பற்சில்லு உண்டு. புதியதிலும் பற்களின் எண்ணிக்கை ஒத்திருக்க வேண்டும். இல்லையேல் வேகமானி பொய்யான வேகத்தைக் காட்டும்.

புதிய றப்பர் வளையத்தில் அதே கியர்ப்பெட்டிக்குரிய எண்ணெயைத் தடவிப் பொருத்துக. பெட்டி அலுமினியத்தால் ஆனதாகையால் போல்ட்டை மிகையாக முறுக்கினால் புரி கெடும். வழிந்த எண்ணெயின் அளவுக்கு மீண்டும் நிரப்பி, பற்றரியை இணைத்து, குறியீட்டை அழித்து, சுமையின்றிச் சிறிது தூரம் ஓட்டிப் பார்த்தல் வேண்டும். மறுநாட் காலையில் வண்டியின் கீழே எண்ணெய்த்துளி விழுந்துள்ளதா எனவும் கவனித்த பின்னரே மரக்கறி ஏற்றுதல் நன்று.