கொங்காணி: ஊவாத் தோட்டங்களின் மழையுடை

தேயிலைக் கொழுந்து பறிப்பவருக்கு இரண்டு கைகளும் வேண்டும் என்பதால், பதுளை, பசறை, மடுல்சீமை, அப்புத்தளை என விரியும் இலங்கையின் ஊவா மலைச்சரிவுகளில் குடை ஒருபோதும் வேலைக்குரிய பொருளாக இருந்ததில்லை. அதன் இடத்தைத் தையலோ பொத்தானோ இல்லாத ஒரு செவ்வகக் கம்பளி எடுத்துக்கொண்டது. அந்தக் கம்பளியைத் தலைமேல் கூம்பாக மடித்து முதுகு மறையத் தொங்கவிட்ட கோலத்துக்குக் கொங்காணி என்று பெயர். உடையின் வரலாற்றைப் பட்டிலும் சரிகையிலும் மட்டும் தேடுவோர் இதைக் கடந்து சென்றுவிடுவர் என்றாலும், நனைந்த மலையில் நாள் முழுவதும் உடற்சூட்டைக் காப்பதற்கு மனிதர் கண்ட வழிகளுள் மிகச் சிக்கனமானவற்றில் இதுவும் ஒன்று.

கம்பளியின் மேல் விளிம்பை நடுவில் மடித்து, அதன் இரு பாதிகளையும் ஒன்றோடொன்று கோத்துவிட்டால் மடிப்பு மூலை கூம்பாகி உச்சந்தலையில் அமர்கிறது. எஞ்சிய பகுதி தோள்களின் மேல் சரிந்து முழங்கால்வரை இறங்குகிறது. கம்பளி கிடைக்காதபோது சணல் சாக்கு போதும்: அடிப்பக்கத்தின் ஒரு மூலையை மற்ற மூலைக்குள் திணித்தால் இரட்டைத் துணியாலான தொப்பி உருவாகிவிடும். கொழுந்துக் கூடையின் கயிறு தலையில் அழுந்தும் இடத்தில் இந்த மடிப்பே மெத்தையாகவும் அமைந்ததால், மழை காப்பதும் சுமை தாங்குவதும் ஒரே துணியின் வேலையாயின. இடுப்புக்குக் கீழே, ஈரச் செடிகளின் குச்சிகள் சேலையைக் கிழிக்காமலிருக்கப் படங்கு என்னும் தடித்த சாக்குத்துணி சுற்றிக் கட்டப்பட்டது.

சணலும் கம்பளியும் ஒரே வடிவில் மடிக்கப்பட்டாலும் மழையில் நடந்துகொள்ளும் விதம் வேறு. சணல் தாவர நார். நீரை உறிஞ்சிக் கனத்து, குளிரை உடலுக்குக் கடத்திவிடும். ஆட்டு மயிரின் ஒவ்வோர் இழையும் ஓட்டுக்கூரைபோல் ஒன்றன்மேலொன்று படிந்த நுண்செதில்களால் மூடப்பட்டிருக்கிறது. செதில்களின்மேல் உள்ள மெல்லிய கொழுப்புப் படலத்தால் மழைத்துளி உடனே ஊறாமல் உருண்டு விழுகிறது. அதே வேளையில் இழையின் உட்பகுதி நீராவியை விரும்பி ஏற்பதால், தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்வாங்கிய பின்னும் கம்பளி தொடுவதற்கு ஈரமாகத் தோன்றுவதில்லை; அவ்வாறு உள்வாங்கும்போது சிறிதளவு வெப்பமும் வெளிப்படுகிறது. இழைகளின் இயல்பான சுருள் காற்றைச் சிறைப்படுத்திச் சூட்டைக் காக்கிறது. இத்தகைய கம்பளிக்கு நெசவிலும் ஒரு பக்குவம் உண்டு: தக்காண மேட்டுநிலத்தில் குரும்பர் போன்ற ஆயர்குடிகள் நெய்துவந்த கரிய கம்பளிகளில் பாவு நூலுக்குப் புளியங்கொட்டைக் கஞ்சி இடப்படுகிறது. அது நூலுக்கு விறைப்பைத் தந்து நெசவில் அறாமல் காக்கிறது.

ஊவாவின் பருவநிலையும் இவ்வுடையைக் கட்டாயமாக்கியது. யூலை முதல் செப்டெம்பர்வரை மத்திய மலைகளைத் தாண்டி வரும் கச்சான் காற்று ஈரத்தை மறுபுறத்தில் பொழிந்துவிட்டு உலர்ந்து வீசுவதால் கொழுந்துக்குப் புகழ்பெற்ற மணம் கூடுகிறது. ஆனால் வடகீழ்ப் பருவக்காற்று தொடங்கியபின் தை மாதம்வரை மழையும் பனிமூட்டமும் சரிவுகளை விட்டு நீங்குவதில்லை. திருச்சி, மதுரை, சேலம், இராமநாதபுரம் பகுதிகளின் வெயில் நிலங்களிலிருந்து ஆள்சேர்க்கும் கங்காணிமாரால் தோட்டங்களுக்கு அழைத்துவரப்பட்டவர்களுக்கு இக்குளிர் அறியாத ஒன்று. கம்பளி அவர்களுக்குத் தோட்டத்தில் கொடுக்கப்பட்டது என்றாலும் அது கொடையன்று. அரிசியைப் போலவே பெயரில் பற்றெழுதிச் சம்பளத்தில் கழிக்கப்பட்டது. குளிரிலிருந்து காக்கும் துணியே கடனின் முதல் முடிச்சுகளில் ஒன்றாகவும் அமைந்தது என்பதை இதன் வரலாற்றை எழுதுவோர் மறைத்தல் ஆகாது. பகலில் மழை தாங்கிய அதே கம்பளி, லயம் எனப்படும் வரிசைக் குடியிருப்பின் அடுப்பருகே உலர்ந்து இரவில் பிள்ளைகளுக்குப் போர்வையாயிற்று.

இடைக்கால ஐரோப்பாவின் உழவர்களும் இடையர்களும் ஏறத்தாழ இதே விடையையே கண்டிருந்தனர்: தோளை மூடும் சிறு மேலாடையோடு இணைந்த கம்பளித் தலைமூடி. 1348-49ஆம் ஆண்டுகளின் கொள்ளைநோயில் உழைப்பாளர் தொகை குறைந்து கூலி உயர்ந்தபோது, எளியோரும் நல்ல துணி உடுத்தத் தொடங்கியதைப் பொறாத இங்கிலாந்து நாடாளுமன்றம் 1363இல் யார் எதை உடுத்தலாம் என்று வரையறுக்கும் சட்டம் ஒன்றை இயற்றியது. 40 ஷில்லிங்குக்குக் குறைந்த உடைமையுள்ள ஏரோட்டிகளும் வண்டிக்காரர்களும் மாடுமேய்ப்போரும் ‘பிளாங்கெட்’ என்னும் சாயமேற்றாத முரட்டுக் கம்பளியையும் ‘ரசெட்’ என்னும் மங்கல் நிறக் கம்பளியையும் தவிர வேறெதையும் அணியலாகாது என்றது. நடைமுறைக்கு ஒவ்வாத அச்சட்டம் 2 ஆண்டுகளுக்குள் நீக்கப்பட்டது. தோட்டத்தில் இத்தகைய சட்டம் தேவைப்படவில்லை. பெரிய கங்காணியின் கோட்டும் தலைப்பாகையும் ஒருபுறம், கொங்காணி மறுபுறம் என, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் காலையில் நின்றாலே படிநிலை கண்ணுக்குத் தெரிந்தது.

ஐரோப்பியத் தலைமூடியோ 15ஆம் நூற்றாண்டுக்குள் செல்வர் தலையேறி, முகம் நுழைக்கும் திறப்பை உச்சியில் கவிழ்த்துத் துணியை ஒருபக்கம் தொங்கவிடும் ஆடம்பர அணியாக மாறியது. கொங்காணிக்கு அந்த ஏற்றம் வாய்க்கவில்லை. அதன் இடத்துக்குப் பொலித்தீன் விரிப்பு வந்தது. அது இலேசானது, மலிவானது, மழையை முற்றாகத் தடுப்பது. ஆனால் நீராவியை வெளியேற விடாததால் ஏற்றத்தில் ஏறி இறங்கும் உடலின் வியர்வை உட்புறத்திலேயே துளித்து, மழையில் நனையாதவரையும் நனைத்துவிடுகிறது. அதனால்தான் பொலித்தீனுக்கு அடியில் தலையிலும் தோளிலும் ஒரு பழந்துணியை மடித்துப் போட்டுக்கொள்ளும் வழக்கம் கொழுந்துக்காரப் பெண்களிடம் காணப்படுகிறது: நீரைத் தடுக்க ஒரு படலம், ஈரத்தை வாங்க ஒரு படலம் என, ஆட்டு மயிரின் ஒற்றை இழைக்குள் இருந்த இரு வேலைகளும் இப்போது இரண்டு துணிகளுக்கிடையே பங்கிடப்பட்டுள்ளன.