அசல் எது? போலி எது?

அசல் முத்தையும் போலி முத்தையும் பார்த்த உடனே பிரித்துச் சொன்னவர்கள் தூத்துக்குடி மக்கள். அங்கே பெரிய அளவில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-ம் ஆண்டில்.

அதே ஆண்டில்தான் சென்னையை அடுத்த வண்டலூர் அருகே ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ கார் தயாராகத் தொடங்கியது. 1971-ல் அதன் உற்பத்தி நின்றது. இன்று அந்தக் காரைப் புதுப்பிக்கிறவர்களும் கேட்கும் கேள்வி, "இந்தப் பாகம் அசலா?" என்பதுதான்.

உப்புக் காற்று

கடலும் உப்பளமும் உள்ள ஊரில் இரும்புக்குப் பகைவன், உப்புக் காற்று. காரின் அடியில்தான் அது முதலில் கை வைக்கும்.

ஹெரால்டு காரில் அடிச்சட்டம் தனி, மேல்கூடு தனி. இரண்டையும் போல்ட் போட்டு முடுக்கி இருப்பார்கள். துருப்பிடித்த தகட்டைக் கழற்றிவிட்டு வேறு தகடு மாட்டலாம். அந்தத் தகடு எங்கே கிடைக்கும்?

லண்டனில் இல்லாத கதவு!

ஹெரால்டு பிறந்த நாடு, இங்கிலாந்து. அங்கே அதன் பெயர் ‘டிரையம்ப் ஹெரால்டு’. அதற்கான உதிரிப் பாகங்களை இன்றும் அங்கே விற்கிறார்கள்.

ஆனால் இங்கிலாந்து ஹெரால்டுக்கு இரண்டே கதவுகள்! நான்கு கதவு ஹெரால்டு, 1960-களின் கடைசியில் இந்தியாவில் மட்டும் வந்தது. அதன் பின்கதவை லண்டனில் தேடிப் பயன் இல்லை. சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில்தான் தேட வேண்டும்.

என்ஜின் விஷயமும் அப்படியே. இந்திய ஹெரால்டில் இருந்தது 948 சி.சி. என்ஜின். இங்கிலாந்தில் பிறகு 1,147 சி.சி. என்ஜின் வந்தது. அதை மாட்டினால் வண்டி வேகமாக ஓடும். அசல் என்ற பெருமையும் கூடவே ஓடிவிடும்!

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1964-ல் வந்த ‘போண்டியாக் ஜி.டி.ஓ.’ போன்ற வேகக் கார்களில், என்ஜினில் பொறித்த எண்ணைப் பார்த்த பிறகே விலை பேசுகிறார்கள்.

சட்டம் சொல்வது

மத்திய அரசு 2021-ல் பழம்பெரும் வாகனங்களுக்குத் தனி விதி கொண்டு வந்தது. முதல் பதிவாகி 50 ஆண்டு கடந்திருக்க வேண்டும். அடிச்சட்டம், மேல்கூடு, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது.

ஆகவே, பட்டறைக்கு விடும் முன்பு என்ஜின் எண்ணையும் அடிச்சட்ட எண்ணையும் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப் பாருங்கள். கழற்றிய கதவை, துருப்பிடித்தது என்று காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். கதவு கிடைக்காவிட்டால் புதிதாகத்தான் செய்ய வேண்டும். அதற்கு அளவு எடுக்க அந்தப் பழைய கதவை விட்டால் வேறு கதி இல்லை!